வங்கியின் கணக்கில் வட்டவளை எங்கே?

கொழும்புக் கோட்டையிலும் அதற்கப்பால் உலகத் தலைநகரங்களிலும் உள்ள வங்கி மாளிகைகளில் இன்று ஒரு புதுவகை ஆரூடம் பார்க்கப்பட்டு வருகின்றது. சாதகக் கட்டத்துக்குப் பதிலாகக் கணினித் திரை. கிரகங்களுக்குப் பதிலாக மழை, வெப்பம், மண்சரிவு. "இன்னும் இருபது ஆண்டில் மழை இவ்வளவு கூடினால், இந்த மலைச்சரிவு இடிந்தால், இந்தப் பயிர் பட்டுப்போனால், நாம் கொடுத்த கடனில் எவ்வளவு திரும்பி வாராது?" என்று மென்பொருளிடம் கேட்கிறார்கள். அதுவும் இலக்கத்தில் விடை பகருகின்றது. இதற்கு அழுத்தச் சோதனை என்று பெயர். புதுப்பாலம் ஒன்றைத் திறப்பதற்கு முன் பாரமேற்றிய எஞ்சின்களை அதன்மேல் நிறுத்திப் பார்ப்பதுபோல, வங்கியொன்றின் கடன்கள், பங்குகள், முறிகள் அனைத்தின்மேலும் வருங்காலத்தின் பாரத்தை ஏற்றிப் பார்ப்பதே இச்சோதனை.

மலைநாட்டின் வரலாற்றை அறிந்தவர் இதனை எள்ளி நகையாட மாட்டார். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சட் பொடியாக ஒரு பூஞ்சணம் தோன்றிற்று. தோட்டத்துரைமார் அதைப் பொருட்படுத்தினாரல்லர். கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. வங்கிகள் கடனை வாரி வழங்கின. காடுகள் மேலும் மேலும் அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. அன்றைய ஓரியன்டல் பாங்க் கோர்ப்பரேஷன் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் பெரும் பணத்தை முடக்கி வைத்திருந்தது. 1884 மே மாதத்தில் அது கதவடைத்தது. அதன் நோட்டுகளை வைத்திருந்தோர் தெருவில் நிற்காதபடி, தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் தம் பொறுப்பிலேயே அரசாங்க உத்தரவாதம் அளித்தார். நோட்டு வைத்திருந்தவர் தப்பினர். மாதக்கணக்கில் கூலி நிலுவையாய் நின்ற தமிழகத்துத் தொழிலாளிக்கு உத்தரவாதம் அளிக்கத் தேசாதிபதி எவரும் முன்வந்திலர். அவ்விழிநிலை கண்டே 1880களில் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டங்கள், உழைத்தவன் கூலியைத் தோட்டத்தின்மீதான முதற்கடனாக வைத்தன. வங்கியின் ஈடு அதற்குப் பின்னர்தான்.

இந்த வரிசைமுறையை வாசகர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். நாம் இங்கே எழுப்பும் வழக்கு அதைப் பற்றியதே. ஒரு பயிர் மடிந்தால் வங்கிக்கு நேரும் நட்டம் எவ்வளவு எனப் புதிய மென்பொருள் ஒரு நொடியில் கணக்கிடுகிறது. அதே பயிர் மடிந்தால் கொழுந்து பறிப்பவளுக்கு நேரும் நட்டத்துக்கு அதன் ஏட்டில் ஒரு பத்தியேனும் உண்டா?

இஃது எங்கோ ஐரோப்பாவில் நடக்கும் விளையாட்டு என்று எண்ணி வாளாவிருக்கும் காலம் கடந்துவிட்டது. 2017 டிசம்பரில் எட்டு நாட்டு மத்திய வங்கிகளும் மேற்பார்வை நிறுவனங்களும் கூடிப் பசுமை நிதிக்கென ஒரு வலையமைப்பை உண்டாக்கின. பின்னர் உலகின் மத்திய வங்கிகளுட் பெரும்பாலானவை அதிற் சேர்ந்தன. இங்கிலாந்து வங்கி 2021இல் தன் நாட்டுப் பெருவங்கிகளையும் காப்புறுதிக் கம்பனிகளையும் இச்சோதனைக்கு உட்படுத்தியது. ஐரோப்பிய மத்திய வங்கி 2022இல் 104 வங்கிகளைச் சோதித்தபோது, அவற்றுள் நூற்றுக்கு அறுபதளவானவற்றிடம் இதற்கான ஒழுங்கான முறையே இல்லையென்று கண்டது. பணக்கார நாட்டு வங்கிகளின் இலட்சணமே அதுவானால் மற்றவற்றைப் பற்றிச் சொல்வானேன்! நம் நாட்டிலும் மத்திய வங்கி 2019இல் நிலைபேறான நிதிக்கான வழிவரைபடத்தையும், 2022இல் எவை பசுமைத் தொழில்கள் என்னும் வகைப்பாட்டையும் வெளியிட்டது. 2025 சனவரி முதல் நாள் தொடக்கம், கொழும்புப் பங்குச் சந்தையிலுள்ள முதல் நூறு பெருங் கம்பனிகள் தமது காலநிலை ஆபத்துகளைக் கணக்கறிக்கையில் வெளியிட வேண்டுமென்ற கணக்கீட்டு நியமம் நடைமுறைக்கு வந்தது. ஆகவே மென்பொருள் வந்தே தீரும். வட்டவளைக்கு அது வட்டி வீதமாக வந்து சேரும்.

எவ்வாறென்று ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்; எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. வங்கியொன்று தோட்டமொன்றுக்குப் பத்துக் கோடி ரூபா கடன் கொடுத்திருக்கிறது. சாதாரண ஆண்டில் அக்கடன் முறிவதற்கு நூற்றில் இரண்டு வாய்ப்பு. முறிந்தால் ஈட்டை விற்றதுபோக நாற்பது வீதம் நட்டம். பத்துக் கோடியில் இரண்டு வீதம், அதில் நாற்பது வீதம்: எட்டு இலட்சம் ரூபா. இது வங்கி எதிர்பார்க்கும் ஆண்டு நட்டம். இப்போது மென்பொருள், "மழை கடுமையாகும், வீதி துண்டிக்கப்படும், சரிவிலுள்ள நிலத்தை வாங்க ஆள் வாரான்" என்று சொல்கிறது. முறியும் வாய்ப்பு ஐந்தாகிறது. நட்டம் அறுபது வீதமாகிறது. எட்டு இலட்சம் முப்பது இலட்சமாயிற்று. இடையிலுள்ள இருபத்திரண்டு இலட்சத்தையும் வங்கி தன் மடியிலிருந்தா போடும்? கடனின்மேல் இரண்டேகால் வீதம் வரை வட்டியைக் கூட்டும். அல்லது தவணையைக் குறுக்கும். அல்லது "மன்னிக்கவும்" என்று கடிதம் எழுதும். நுவரெலியாவில் லீக்ஸும் கரட்டும் போடும் விவசாயிக்கு அந்தக் கடிதம்கூட வாராது. வங்கியில் அவன் அறிந்த ஒரே யன்னல் நகை அடகு யன்னல்தான். தாலிக்கொடியை நிறுத்துப் பார்க்கும் தராசே அவனுக்கு நேர்ந்த அழுத்தச் சோதனை.

கணக்கு சரியாயின் வட்டி கூடுவதும் நியாயமே என்று பொருளியல் கற்றோர் கூறலாம். அக்கணக்கு சரியானதுதானா என்பதையே முதலிற் பார்ப்போம்.

வட்டவளை இலங்கையிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று கினிகத்தேனைக் கணவாயில் முட்டி ஏறி, ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேலான மழையை இங்கே கொட்டுகின்றது. நேர்கோட்டில் முப்பது கிலோமீற்றருக்குள் கிடக்கும் நுவரெலியாவிலோ 2,000 மில்லிமீற்றரளவே பெய்கிறது. இரண்டும் ஒரே மாவட்டம். இரண்டும் தேயிலை நாடு. உலகக் காலநிலையைக் கணிக்கும் பெரிய மாதிரிகள் பல, பூமியை ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் பக்கமுள்ள கட்டங்களாக வெட்டுகின்றன. அத்தகைய ஒரு கட்டத்தினுள் கடற்கரையோரத் தென்னையும் வட்டவளையும் நுவரெலியாவும் ஒருங்கே அடங்கிவிடும்! நுண்மையாக்கும் வழிகள் உண்டு. நல்ல மென்பொருள்கள் அவற்றைக் கையாளுகின்றன. ஆயினும் விலைக்கு விற்கப்படும் கருவிகள் பல வெள்ளத்தையும் புயலையும் வெப்பத்தையும் அறிந்த அளவுக்கு மண்சரிவை அறியா. மலையகத்தை விழுங்குவது மண்சரிவே. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இத்தீவைக் கடந்தபோது 600க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் பிளந்தன. கட்டடங்களுக்கும் வீதிகளுக்கும் பயிர்களுக்கும் நேர்ந்த நேரடிச் சேதம் 410 கோடி அமெரிக்க டொலர், அதாவது நாட்டின் ஆண்டு உற்பத்தியில் நூற்றுக்கு நான்களவு என உலக வங்கி மதிப்பிட்டது.

பிறிதொரு வகை ஆபத்தும் இருக்கிறது. வானம் செய்வதை மட்டுமன்றி ஆட்சியாளரின் பேனா செய்வதையும் மென்பொருள் கணக்கில் எடுக்க வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அன்றைய அரசாங்கம் ஓர் இரவில் தடுத்தது, நவம்பரில் பின்வாங்கியது. 2021இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டில் 25.1 கோடி கிலோவாக வீழ்ந்தது. எந்தப் புயலும் அதற்குக் காரணமன்று. அதே 2021 ஏப்பிரலில் செம்பனைச் செய்கைக்கும் தடை வந்தது. நம் மக்கள் முள்ளுத்தேங்காய் என்று சொல்லும் மரம் அது. வட்டவளையின் பெயரைத் தாங்கிய பெருந்தோட்டக் கம்பனி 2017இல் தன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை வேறொரு கம்பனியாகப் பிரித்துவிட்டு, தாழ்நிலத்துச் செம்பனையைத் தன் முதன்மையான பயிராக்கிக்கொண்டிருந்தது. மழைக்குத் தப்பிப் போன முதல் வர்த்தமானி அறிவித்தலில் மாட்டிக்கொண்டது. எந்த மென்பொருள் இதை முன்னறிந்து சொல்லியிருக்கும்? வங்கியாளர்கள் இதைச் சற்றே அடக்கத்துடன் சிந்திப்பாராக.

இனி நம் வழக்கின் நடுவுக்கு வருவோம். மென்பொருளுக்கு ஊட்டப்படுவது சொத்துப் பட்டியல்: தொழிற்சாலை, இயந்திரம், தேயிலை நிலம், பங்களா. ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விலை. வெள்ளையன் காலத்து லயத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் என்ன விலை இருக்கப் போகிறது? தேய்மானம் போகப் பூச்சியம். அதனுள் வாழும் குடும்பத்துக்கு நிலம் சொந்தமில்லை. ஆகவே பட்டியலில் அவர்களுக்கு இடமுமில்லை. நாளை அச்சரிவு இடிந்து லயம் மண்ணோடு போனாலும், தொழிற்சாலை தப்பினால் மென்பொருள் காட்டும் நட்டம் பூச்சியமாகவே இருக்கும். பூச்சியத்தைப் பூச்சியத்தால் பெருக்கினால் வேறென்ன வரும்!

மழை நாளின் கூலியும் அப்படியே. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி, அடைமழையால் ஒரு மாதத்தில் பதினைந்து நாள் மலைக்கு ஏற முடியாது போனால் ஒரு தொழிலாளி இழப்பது 20,250 ரூபா. கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் போடப்பட்ட நாட்களின் இழப்பு இதற்கு மேல். கம்பனிக்கோ அந்நாட்களின் சம்பளம் செலவு மீதம். மென்பொருள் அதை ஆபத்தைக் குறைக்கும் நன்மையாகவே எழுதிக்கொள்ளும். ஒருத்தியின் அடுப்பு அணைந்தது இன்னொருவரின் ஏட்டில் இலாபமாகப் பதிவாகிறது.

இந்தக் கணக்கைத் திருத்த வேண்டிய விவரங்கள் இல்லாமற் போகவில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் மழைமானி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மழைப் புத்தகம் எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து நிறுத்தார் என்பதைச் செக்ரோல் சொல்லும். இவ்விரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பார்த்தால், எத்தனை மில்லிமீற்றர் மழைக்கு எத்தனை பேர் கூலி போயிற்று என்பது கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரியும். உலகின் எந்த மாநகரத்திலும் விலைக்கு வாங்க முடியாத தரவு, கணக்கப்பிள்ளையின் அலுமாரியிற் கிடந்து கறையானுக்கு இரையாகிறது. உள்ளூர் அறிவின் வலிமைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை விதியே சான்று. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிரு; 100 தாண்டினால் புறப்படத் தயாராகு; 150 ஆனால் உடனே வெளியேறு. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு மழைமானியைக் கொண்டு நடத்தத்தக்க அழுத்தச் சோதனை அது. ஆனால் வெளியேறி எங்கே போவது என்பதற்கு விதியில் விடையில்லை. மீரியபெத்தையிலும் ஆபத்து முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மாற்று வீடுதான் கட்டப்படவில்லை.

அறிந்துகொண்ட பின் என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆபத்தை அறிந்த வங்கி கையைச் சுருட்டிக்கொண்டால் நடப்பது யாது? தேயிலையைப் பிடுங்கி மீள்நடுகை செய்தால் மூன்று நான்கு ஆண்டுகள் கழித்தே கொழுந்து காணலாம்; நீண்ட தவணைக் கடனின்றி எவரும் அதில் இறங்கார். மீள்நடுகை நின்றால் செடி நரைக்கிறது. இடைவெளியில் மண் அரிக்கிறது. கானும் தடுப்புச்சுவரும் கவனிப்பாரற்றுத் தூர்ந்து போகின்றன. நீர் வடிய வழியின்றி மலையினுள் இறங்குகிறது. பின் ஒருநாள் சரிவு இடிகிறது. "பார்த்தீர்களா, எங்கள் மென்பொருள் சொன்னது பலித்துவிட்டது" என்பார்கள். பலித்தது ஆரூடத்தின் திறத்தாலா, ஆரூடம் பார்த்தவர் செய்த வினையாலா?

கம்பனிகளின் போக்கும் இதற்குத் துணை போகிறது. 1992இல் அரசு தோட்டங்களின் நிர்வாகத்தைத் தனியாரிடம் ஒப்படைத்தது; அவ்வாண்டு முதல் கணக்கிடப்படும் 53 ஆண்டுக் குத்தகை 2045இல் முடிகிறது. மென்பொருளோ 2050ஐயும் அதற்கப்பாலையும் நோக்குகின்றது. ஐந்து ஆண்டுக்கு முன்பே கையைக் கழுவிக்கொண்டு போகப்போகிறவன் ஐம்பதாம் ஆண்டின் வெள்ளத்துக்கு ஏன் கான் வெட்டுவான்? குத்தகைக்காரன் போவான், வங்கி போகும். லயத்துக்காரன் எங்கே போவான்?

இவ்விடத்தில் வட்டவளையே ஒரு நல்ல விடையை ஒருகாலத்தில் காட்டியிருக்கிறது. 1990களின் முற்பகுதியில் வட்டவளையருகே புகையிரதப் பாதையைத் தாங்கி நின்ற சரிவு மழைக்காலத்தில் மெல்ல மெல்ல நகரத் தலைப்பட்டது. பொறியியலாளர் அதைக் கண்டு பாதையைக் கைவிட்டு ஓடவில்லை. நிலத்தடி நீர் எவ்வளவு ஏறும்போது மண் நகருகிறது என்று அளந்தனர், மலையினுள்ளே நீண்ட வடிகால்களைத் துளைத்து நீரை இறக்கினர், நகர்வு அடங்கியது. அளந்ததும் அவர்களே, வடித்ததும் அவர்களே. வங்கிகளின் மென்பொருளுக்கும் நாம் கேட்பது இதையே. ஒரு சரிவு ஆபத்தானது என்று அது கண்டால், அங்கே கான் வெட்டவும் மரம் நடவும் லயத்தைப் பெயர்த்து உறுதியான நிலத்தில் வீடு கட்டவும் எவ்வளவு செலவாகும், அச்செலவு செய்தபின் ஆபத்து எவ்வளவு குறையும் என்ற இரண்டாவது கணக்கையும் அது போட வேண்டும். அவ்வேலைக்குக் கொடுக்கும் கடனுக்கு வட்டி குறைய வேண்டும். முதற் கணக்கை மட்டும் போடும் வங்கிக்கு மத்திய வங்கி ஒப்புதல் அளிக்கலாகாது.

வங்கிகளிடம் மட்டுமே கேட்பதற்கும் இல்லை. நம் மக்களுக்கே ஒரு பெரும் முதலீட்டுத் தொகுப்பு இருக்கிறதே! 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதியில், தொழிலாளியின் சம்பளத்தில் எட்டு வீதமும் முதலாளியின் பங்காகப் பன்னிரண்டு வீதமும் சேருகின்றன. மத்திய வங்கியின் பொறுப்பிலுள்ள அந்நிதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரசாங்கப் பிணையங்களிலேயே போடப்பட்டிருக்கிறது. அரசு முறியாத வரை அது பத்திரமென்று சொல்லி வந்தனர். அரசு முறிந்தது, 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்ற பெயரால் நிதியின் முறிகள், முதலில் 12 வீதமும் பின்னர் 9 வீதமும் தரும் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. இனிமேல் டித்வாவைப் போன்ற புயல் பத்தாண்டுக்கொரு முறை வந்து நாட்டின் உற்பத்தியில் நான்கு வீதத்தை வாரிக்கொண்டு போனால் அரசின் கடன் என்னவாகும்? அக்கடனைத் தாங்கி நிற்கும் சேமலாப நிதி என்னவாகும்? மண்சரிவில் லயத்தை இழந்தவள், ஓய்வு பெறும் நாளில் அதே மண்சரிவால் தன் சேமிப்பின் ஒரு பகுதியையும் இழக்கக்கூடும். ஒரே புயல் அவளை இருமுறை அடிக்கும். தனியார் வங்கிகள் தம் பங்குதாரருக்காகச் செய்யும் சோதனையை, இந்நாட்டின் உழைப்பாளர் அனைவரின் முதுமைக்காலப் பணத்துக்கும் செய்து வெளியிடச் சொல்லி நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டாமா?

கருவிக்குப் பஞ்சமில்லை. உலகப் பெரு நிறுவனங்கள் இத்துறையை விலைக்கு வாங்கிக் குவித்து வருவது உண்மை: 2019இல் எம்.எஸ்.சி.ஐ. ஒரு காலநிலை ஆய்வுக் கம்பனியை வாங்கிற்று. 2021இல் மூடீஸ் பேரிடர்க் கணிப்பில் பேர்பெற்ற இன்னொன்றை வாங்கிற்று. அவர்கள் விற்பது பூட்டிய பெட்டி. உள்ளே என்ன அனுமானம் இருக்கிறதென்று வாங்கியவருக்கே முழுதும் தெரியாது. ஆயின் சூரிச் நகரத்துத் தொழினுட்பப் பல்கலைக்கழகம் ஆக்கிய கிளைமாடா போன்ற திறந்த மென்பொருள்களும் இருக்கின்றன. அவற்றை எவரும் இலவசமாக எடுத்துத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். கொழும்பிலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் கணினி நிரல் எழுதிப் பிழைக்கும் நம் இளைஞர் எத்தனை ஆயிரவர்! கணக்காளர், பொறியியலாளர், தேயிலை ஆராய்ச்சியாளர் எத்தனை பேர்! அவர்களுள் பத்துப் பேர் கூடினால், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பதிவுகளையும் தோட்டங்களின் மழைப் புத்தகங்களையும் செக்ரோலையும் ஒன்றாக்கி, அத்திறந்த மென்பொருளில் கூலிக்கென ஒரு பத்தியும் லயத்துக்கென ஒரு பத்தியும் சேர்ப்பது இயலாத காரியமன்று. விவசாயிகளும் தங்கள் பங்குக்குச் சங்கத்துக்கொரு மழைமானி வைத்து நாள்தோறும் எழுதி வரட்டும். அளவில்லாத இடத்தில் வங்கி தன் இஷ்டத்துக்கு ஓர் அளவை வைத்துக்கொள்ளும்.

பாராளுமன்றத்தில் மலையகத்தின் பெயரால் அமர்ந்திருப்போர் கட்சி பேதமின்றி ஒரு வினாவையேனும் எழுப்ப வேண்டுகின்றோம். ஊழியர் சேமலாப நிதியின் அடுத்த ஆண்டறிக்கையில் காலநிலை அழுத்தச் சோதனையின் முடிவுகள், எடுத்துக்கொண்ட அனுமானங்களோடு வெளிவருமா? வருமாயின் அது தமிழிலும் சிங்களத்திலும், ஒரு தொழிற்சங்கக் காரியதரிசி படித்து விளங்கும் நடையில் இருக்குமா? அடுத்த தென்மேற்குப் பருவம் மே மாதத்தில் தொடங்கும்.